ஈறில் ரத்தம் வந்தால் சர்க்கரையையும் பாருங்கள்

சர்க்கரை நோயாளிகளில் பலர் பல்லைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிய பிறகே எங்களிடம் வருகிறார்கள். ஈறில் சீழ் கட்டியிருக்கும். நாக்கால் தள்ளினாலே முன்பல் ஆடும். "ரத்தம் ரொம்ப நாளா வருது டாக்டர், வலி இல்லைன்னு விட்டுட்டேன்" என்பார்கள். வலிக்காமல் எலும்பைக் கரைப்பதுதான் இந்த ஈறு நோயின் ஆபத்து. கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்ப வளராது.

கிளீனிங் செய்தால் பல் ஆடுமா?

ஆடாது. ஏற்கெனவே ஆட்டம் கண்ட பல்லைப் பற்காரைதான் சிமெண்ட் போல ஒட்டிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பார்வையைக் கெடுப்பது விழித்திரையைத் தாக்கும் சர்க்கரை நோய்; பழி மட்டும் பல்லுக்கு.

சர்க்கரை இருந்தால் பல்லில் கையே வைக்கக் கூடாது என்பதும் தவறு. கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாகச் சிகிச்சை செய்யலாம். முகம் வீங்கிச் சீழ் வைத்திருந்தால் சர்க்கரை இறங்கட்டும் என்று வீட்டில் காத்திருக்கவே கூடாது. வெறும் வயிற்றோடும் வராதீர்கள். சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தயவுசெய்து இவற்றை நிறுத்துங்கள்

செங்கல் தூளும் உமிக்கரியும் பல்லைத் தேய்த்து ஈறைக் கீழே இறக்கும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றி ஈறு வெந்துபோய் வருகிறார்கள். வலிக்குப் புகையிலை அடக்குவது புற்றுநோயை அழைப்பது. மருந்துக்கடையில் "பல்வலிக்கு ரெண்டு மாத்திரை" கேட்டு வாங்குகிறீர்களே, அந்த வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எத்தனை முறை சொல்வது?

வாய் வறண்டால்

ராத்திரி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்திருப்பது, தண்ணீர் இல்லாமல் இட்லி இறங்காதது எல்லாம் வயதானதால் வருவதில்லை. சர்க்கரை ஏறியிருக்கலாம்; சளி, அலர்ஜி, மன அழுத்த மருந்துகளில் சிலவும் எச்சிலைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எச்சில் குறைந்தால் பல்லின் வேர் சொத்தையாகும், நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும். மிட்டாய் சப்புவதும் சோடா குடிப்பதும் வேண்டாம். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

ஈறு ஆறினால்

ஈறின் நிலையையும் சர்க்கரையின் நிலையையும் அறிய எக்ஸ்ரேயும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையும் உதவும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு அந்த மூன்று மாத அளவு சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

ராத்திரி ஒரு முறை கூடுதலாகப் பல் தேய்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். பல்செட் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டுங்கள். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.