சுவர் தாண்டி வந்த தண்ணீர்

தருமபுரி மாவட்டத்தில் தண்ணீர் வழக்கு என்றால், அது கிணற்றுப் பங்கு, ஏரி வாய்க்கால், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும் என்று எண்ணுவோம். தண்ணீர் போதவில்லை என்பதுதான் இந்த மண்ணின் பழைய குறை. கிடைத்த நிலத்தடி நீரிலும் ஃபுளூரைடு மிகுந்து, பல ஊர்களில் பற்களும் எலும்புகளும் பழுதுற்றன. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, அதை ஒரு தலைமுறையின் கனவு நிறைவேறிய நாளாகவே நாங்கள் கருதினோம்.

குழாயில் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. எனவே வரும்போது பிடித்து வைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் தரைக்கடியில் ஒரு தொட்டி, மொட்டை மாடியில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் இடையே ஒரு மோட்டார் என்றாகிவிட்டது. வீடுகளுக்கு இடையிலோ இரண்டடி இடைவெளிகூட இல்லை. விளைவாக, தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெயர்போன ஊரில் புதியதொரு புகார் முளைத்திருக்கிறது: பக்கத்து வீட்டுத் தண்ணீர் என் சுவரில் இறங்குகிறது!

மூன்றாண்டுகளுக்கு முன்பு ஓர் ஆவணி மாதத்தில், என் படிப்பறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் கண்டேன். கார்த்திகை பிறப்பதற்குள் அது ஆளுயரத்துக்கு இறங்கிவிட்டது. பூச்சு உப்புப் பூத்துக் கொட்டியது. சுவரை ஒட்டிய அலமாரியில், நான் பணியில் சேர்ந்த நாள் முதல் பைண்டு செய்து சேர்த்த ஆய்விதழ்த் தொகுதிகள் இருந்தன. அடித்தட்டில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லைப்போல் இறுகிவிட்டன.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர். என்னைவிட முப்பது வயது இளையவர். அவருடைய மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு பழுது. நிரம்பி வழியும் குழாயோ என் சுவரைப் பார்த்தே வைக்கப்பட்டிருந்தது. மதிலுக்கு இப்பால் நின்று சொன்னேன். "நாளைக்கே மாத்திடறேன் சார்" என்றார். அந்த நாளை எட்டு மாதம் நீண்டது. எழுத்தில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் மனைவிக்கும் விருப்பமில்லை. அவர்கள் வீட்டுப் பெண் குழந்தை மாலையில் எங்கள் வீட்டில்தான் கணக்குப் போடும்.

இறுதியில், வழக்குரைஞராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். அவர் சேதத்தின் அளவை விசாரிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு: "ஐயா, அவருக்கு நீங்க எப்போ எழுத்துல தெரிவிச்சீங்க?" என்னிடம் பதில் இல்லை. இந்தச் சிறு சங்கடத்தின் பின்னால் நூற்றைம்பது ஆண்டுச் சட்ட வரலாறு இருப்பதைப் பிறகே படித்தறிந்தேன்.

'உன் தண்ணீர் என் வீட்டைக் கெடுத்தது, ஆகவே நீ பணம் கொடு' என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னது. லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை அதிபர் தம் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். அதன் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்க வழிகள் இருந்ததை அவர் அறியார். அவற்றின் வழியே தண்ணீர் இறங்கி, ஃபிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீங்கு விளைவிக்கக்கூடியதைத் தம் நிலத்தில் கொணர்ந்து சேர்த்தவர் அது தப்பிச் சென்றால் பொறுப்பேற்க வேண்டும் என்று 1868-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

ஆறே ஆண்டுகளில் அந்த விதி நம் பக்கத்து மண்ணில் தடுமாறியது. இன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கும் கார்வேட்டிநகரம் அன்று சென்னை மாகாணத்து ஜமீன். அந்த ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. மெட்ராஸ் ரயில்வே நிறுவனம் இழப்பீடு கேட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் 1874-இல் மறுத்துவிட்டது. ஏரி இந்நாட்டில் ஒருவர் தம் ஆதாயத்துக்காகப் புதிதாகக் கொணர்ந்து வைத்த பொருள் அன்று. காலங்காலமாக வேளாண்மைக்கு இன்றியமையாதது. அதைப் பராமரிக்கும் கடமை ஜமீன்தாருக்கு உண்டே தவிர, வேண்டாமென்று ஒழித்துவிடும் உரிமை இல்லை. ஆகவே அவருடைய கவனக்குறைவை மெய்ப்பித்தால்தான் இழப்பீடு என்பது தீர்ப்பின் சாரம். ரைலண்ட்ஸ் தீர்ப்பைவிட இதையே நான் உயர்ந்த பொருளாதார அறிவு என்பேன். இந்தியாவில் நீரைத் தேக்கி வைப்பது ஆபத்தான செயலன்று, வாழ்க்கைமுறை என்பதை லண்டனில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

வீட்டுக்குள் நேரும் கசிவிலும் நீதிமன்றங்கள் இதே வழியில்தான் சென்றன. 1871-இல் ஒரு வழக்கு. கிடங்கின் கீழ்த்தளத்தில் ஒருவர் அரிசி வைத்திருந்தார். மேல்தளத்தில் மழைநீர் சேரும் பெட்டியை எலி ஒன்று கடித்து ஓட்டையாக்க, அரிசி நனைந்தது. மேல்தளத்துக்காரர் எலிக்குப் பொறுப்பல்லர் என்றது நீதிமன்றம். 1913-இல் மெல்போர்னிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற வழக்கில், யாரோ ஒரு விஷமி மாடியிலிருந்த கைகழுவும் தொட்டியின் துளையை அடைத்துக் குழாயையும் திறந்துவிட்டுப் போயிருந்தான். கீழே இருந்த சரக்கு நாசமாயிற்று. அங்கும் இழப்பீடு இல்லை. வீட்டில் குழாயும் தொட்டியும் வைத்திருப்பது இயல்பான பயன்பாடு. அதற்காக மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது.

அப்படியானால் பாதிக்கப்பட்டவருக்கு வழியே இல்லையா? 1940-இல் பிரபுக்கள் அவை முடிவு செய்த மற்றொரு வழக்கில் அதற்கு விடை இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ மறைபரப்புச் சங்கத்தின் நிலத்தில், சங்கத்தின் அனுமதியின்றி, உள்ளாட்சி அமைப்பு ஒரு வடிகால் குழாயைப் பதித்துவிட்டது. குப்பையைத் தடுக்கும் கம்பிவலை உரிய இடத்தில் வைக்கப்படவில்லை. குழாய் அடைத்துக்கொண்டு அண்டை வீட்டுத் தோட்டம் வெள்ளக்காடாயிற்று. 'நாங்கள் பதித்த குழாய் அல்லவே' என்ற வாதம் எடுபடவில்லை. குழாய் அங்கிருப்பது சங்கத்துக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் தடுக்க முயலாமல் இருந்தது தொல்லையைத் தொடரச் செய்ததாகும் என்றது தீர்ப்பு.

என் மாணவரின் கேள்வி இதுதான். வால்வு பழுதானது விபத்து. பழுதானது தெரிந்த பிறகும் வால்வு அப்படியே கிடந்தது கவனக்குறைவு. இவ்விரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது, தேதியிட்ட ஒரு கடிதம். மதிலோரப் பேச்சும் சட்டத்தின் கண்ணில் அறிவிப்புத்தான். ஆனால் அதை நாளை அவர் மறுத்தால் நான் எதைக் காட்டுவேன்? அண்டை வீட்டாரின் மனம் நோகக் கூடாது என்று நான் காத்த எட்டு மாத மௌனம், அவருக்கு எதிரான ஒரே சான்றை நானே உருவாக்காமல் விட்ட எட்டு மாதங்கள்.

கடிதம் கடுமையாக இருக்க வேண்டியதில்லை. என்ன நேர்ந்தது, எங்கிருந்து நீர் வருகிறது, எத்தனை நாளில் சரிசெய்யக் கேட்கிறோம் என்ற மூன்றும் போதும். ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். சேதத்தைத் தேதி தெரியப் படமெடுப்பதும், கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ செலவு மதிப்பீட்டை எழுதி வாங்குவதும் அடுத்த வேலை. கைப்பேசிப் படங்களை நீதிமன்றத்தில் சான்றாக்க, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. படமெடுத்த கைப்பேசியைப் பத்திரப்படுத்துவது நல்லது.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் உறுதிசெய்தாக வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் சுவரின் அடிப்பகுதியோடு நின்றுவிடும். கசிவு மேலிருந்து இறங்கும். சந்தேகமிருந்தால் தொட்டி நீரில் சாயம் கலந்து பார்ப்பதும், சில நாள் தொட்டியைக் காலியாக வைத்துச் சுவர் உலர்கிறதா என்று கவனிப்பதும் பொறியாளர்களின் எளிய சோதனைகள். வழக்கு தொடுத்துவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளைப்படி வழக்குரைஞர் ஆணையர் ஒருவரை நேரில் ஆய்வு செய்ய நீதிமன்றம் அனுப்பலாம். சுவர் காய்ந்து வெள்ளையடிப்பதற்கு முன்பே அந்த மனுவைப் போட வேண்டும்.

காவல் நிலையத்துக்குச் செல்பவர்கள் பலர். வேண்டுமென்றே சேதம் விளைவித்தால் ஒழிய இது காவல் துறையின் வேலையன்று. கோட்டாட்சியர் முன் வைக்கப்படும் பொதுத் தொல்லை மனுவும் தெருவுக்கும் பொதுவிடத்துக்கும் உரியது; இரு வீட்டார் தகராறுக்கு உரிமையியல் நீதிமன்றமே இடம். இழப்பீட்டுக்கான கால வரம்பு மூன்றாண்டு. கசிவு தொடரும்வரை உரிமையும் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் என்று கால வரம்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொன்னாலும், மூன்றாண்டுக்கு முந்தைய சேதம் போனது போனதுதான். பணத்தோடு, குழாயைத் திருப்பி வைக்குமாறு செயலுறுத்துக் கட்டளையும் கேட்கலாம். சொல்லப்போனால் அதையே முதலில் கேட்க வேண்டும். நீர் நிற்காமல் பூசிய பூச்சு அடுத்த கார்த்திகையில் மீண்டும் கொட்டும்.

எவ்வளவு கேட்பது என்பதில் பலர் தவறிழைக்கிறார்கள். பழுதை நீக்கும் செலவு, கெட்ட பொருளின் அன்றைய மதிப்பு, வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் அந்த வாடகை: இவ்வளவே. பதினைந்தாண்டுப் பழைய அலமாரிக்குப் புது அலமாரியின் விலை கிடைக்காது. ஓதத்தைக் கண்ட பின்பும் புத்தகங்களை நகர்த்தாமல் விட்டால், அந்த நட்டத்தின் ஒரு பங்கு நம்முடையது. என் அடித்தட்டுத் தொகுதிகள் விஷயத்தில் இந்த விதி எனக்கு எதிராகவே நின்றது. ஒப்புக்கொள்கிறேன்.

வகுப்பறையில் இதே பொருளை நான் வேறு விதமாகப் போதித்து வந்தேன். பேரம் பேசச் செலவில்லை என்றால், சட்டம் யார் பக்கம் இருந்தாலும் இரு தரப்பும் பேசியே சிறந்த முடிவுக்கு வரும் என்பது ரொனால்டு கோஸ் 1960-இல் எழுதிய கட்டுரையிலிருந்து நாங்கள் எடுத்துச் சொல்லும் பாடம். பேரத்துக்குச் செலவுண்டு என்பதே அக்கட்டுரையின் உண்மையான அழுத்தம். பாடப்புத்தகங்கள் அதை மறந்துவிடுகின்றன. நம் தெருக்களில் அந்தச் செலவு ரூபாயில் இல்லை. மாலையில் கணக்குப் போட வரும் குழந்தை நாளை வராமல் போவதே அதன் விலை. மிகக் குறைந்த செலவில் விபத்தைத் தவிர்க்கக் கூடியவர் மீதே பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்ற கலப்ரேசியின் கருத்து எனக்கு இப்போது நெருக்கமாகப் படுகிறது. ஒரு மிதவை வால்வு சில நூறு ரூபாய். என் சுவருக்கும் அலமாரிக்கும் கொத்தனார், தச்சர் தந்த மதிப்பீடு 46,000 ரூபாய்.

நீதிமன்றத்துக்குச் செல்லக் கட்டணம் தடையன்று. தமிழ்நாட்டில் 2017-இல் நீதிமன்றக் கட்டணம் ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. எனக்கு 1,500 ரூபாய்கூட ஆகியிராது. தடை காலம்தான். குஜராத்தில் அரசு கட்டிய கரையின் குறைபாட்டால் 1956 ஜூலை மழையில் ஜெய் லட்சுமி உப்பு ஆலை மூழ்கியது. அரசின் கவனக்குறைவை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1994-இல். வழக்கின் பெரும்பகுதி, எந்தக் கால வரம்பு பொருந்தும் என்ற வாதத்திலேயே கழிந்தது. எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. முப்பத்தெட்டு ஆண்டு கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

எனவே மாணவர் சொன்னபடி முதலில் கடிதம். பதினைந்து நாள் கழித்து, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே ஒரு மனு. அங்கே கட்டணமில்லை. இரு தரப்பும் உடன்பட்டால் மக்கள் நீதிமன்றம் தரும் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. உடன்படாவிட்டால் வழக்குத் தொடரும் உரிமை அப்படியே இருக்கும்.

கடிதம் கிடைத்த அன்று மாலை குழந்தை வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. ஆனால் நான்காம் நாள் மொட்டை மாடியில் பிளம்பர் தெரிந்தார். இரண்டாம் அமர்வில் 30,000 ரூபாய், மூன்று தவணை என்று முடிவாயிற்று. புத்தகங்களுக்காக நான் எதுவும் கேட்கவில்லை. வழியும் குழாய் அவர் வீட்டு முற்றத்தைப் பார்த்துத் திருப்பப்பட வேண்டும், ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் வால்வைச் சோதிக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் எழுதச் சொன்னேன். கையெழுத்திட்ட பின் அவர் கேட்டார்: "முதல்லயே எழுதிக் கொடுத்திருந்தா செஞ்சிருப்பேனே சார்?" அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சுவர் முழுதாக உலர இரண்டு கோடைகள் ஆயின. குழந்தை இப்போது எட்டாம் வகுப்பு, இயற்கணிதத்துக்கு வருகிறாள்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).