குனியாமல் களையெடுக்க கோனோவீடர்

நெல் வயலில் நாள் முழுக்கக் குனிந்து களை பறிக்கும் பெண்களுக்கு மிஞ்சுவது இடுப்பு வலி. ஆள் கிடைக்காத வயலில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். அது மண்ணையும் நீரையும் கெடுக்கிறது. இரண்டுக்கும் மாற்று, நிமிர்ந்து நின்று தள்ளும் கோனோவீடர்.

திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்து, 10-ம் நாளிலிருந்து 10 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை குறுக்கும் நெடுக்குமாக உருட்டலாம். களை சேற்றில் அமுங்கி உரமாகும். வேருக்குக் காற்றோட்டம் கிடைக்கும். தூரை ஒட்டிய களையை மட்டும் கையால் எடுக்க வேண்டும். இந்த முறையில் காயவிட்டுப் பாய்ச்சுவதால் தண்ணீர் மிச்சம். புவியைச் சூடாக்கும் மீத்தேனும் குறையும்.

உருட்டும்போது வயலில் லேசாகத் தண்ணீர் நிற்கட்டும். கைப்பிடி, தள்ளுபவரின் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்க வேண்டும். உயரம் பொருந்தாவிட்டால் இடுப்பு வலி தோள் வலியாக மாறும், அவ்வளவுதான். எனவே, வாங்கும் முன் வயலில் தள்ளப்போகிறவரையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.