பழைய பிக்கப் வண்டியில் ஸ்டியரிங் ஆட்டம்: கண்டறியும் முறையும் சரிசெய்யும் முறையும்

காவிரிப் பாசனப் பகுதியில் முன்பு மாட்டு வண்டிகள் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று சிறிய சரக்கு வண்டிகள் செய்து வருகின்றன. களத்திலிருந்து நெல் மூட்டைகளை நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு செல்லவும், வாழைத்தார், கத்தரி, வெண்டை ஆகியவற்றை விடியற்காலையில் தாராசுரம் காய்கறிச் சந்தையில் இறக்கவும், உர மூட்டைகளை ஊருக்கு ஏற்றி வரவும் பிக்கப் வண்டி உதவுகிறது. புது வண்டி வாங்க இயலாத சிறு விவசாயிகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய வண்டியைக் கைமாற்றாக வாங்குவது வழக்கம். அத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஸ்டியரிங் ஆட்டம் ஆகும்.

நேரான அகலச் சாலையில் இந்த ஆட்டம் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் நம் பகுதிச் சாலைகள் பல ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மேல் செல்பவை. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் தாழ்ந்த வயல். எதிரே பஸ் வரும்போது ஓர் அடி ஒதுங்க வேண்டிய வண்டி இரண்டடி ஒதுங்கினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டத்தை அளப்பது எப்படி?

வண்டியைச் சமதளத்தில், முன் சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் எஞ்சின் ஓட வேண்டும், மற்றவற்றில் தேவையில்லை. ஸ்டியரிங் வளையத்தில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் செய்துகொள்ள வேண்டும். முன் சக்கரம் அசையத் தொடங்கும் வரை வளையத்தை மெதுவாக இடப்பக்கமும், பிறகு வலப்பக்கமும் திருப்ப வேண்டும். இந்த இரு நிலைகளுக்கும் இடையே நூல் நகர்ந்த தூரமே ஆட்டத்தின் அளவு.

1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98 ஆம் விதி, இந்த ஆட்டம் 30 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. வளையத்தின் குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்றால், விளிம்பில் இது சுமார் பத்தரை சென்டிமீட்டர். இது சட்டம் பொறுக்கும் கடைசி எல்லை. நல்ல நிலையிலுள்ள வண்டியில் இதில் பாதிகூட இராது. எனவே ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும்போதே காரணத்தைத் தேடத் தொடங்குதல் நலம்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

திருவிழாவில் தேரைத் திருப்புவோர் முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் அடியிலேயே கொடுத்துத் திருப்புகின்றனர். கைக்கும் சக்கரத்திற்கும் இடையே வேறு பொருள் இல்லை. பிக்கப் வண்டியிலோ ஓட்டுநரின் கைக்கும் சக்கரத்திற்கும் இடையே ஒரு சங்கிலியே உள்ளது. வளையம், அதன் தண்டு, தண்டின் இணைப்பு, ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு, அவற்றின் முனைகளிலுள்ள பந்து மூட்டுகள், கிங் பின், சக்கரப் பேரிங் என்று இச்சங்கிலி நீள்கிறது. ஒவ்வொன்றிலும் சிறிது தேய்மானம் ஏற்பட்டால் எல்லாம் சேர்ந்து கையில் பெரிய ஆட்டமாகத் தெரியும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய வண்டிகளில் முன் சக்கரம் 1 பாகை திரும்ப, வளையம் ஏறத்தாழ 20 பாகை திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே சக்கரத்தருகே உள்ள மூட்டில் நூலிழை அளவு தளர்ச்சி இருந்தாலும் கையில் அது பல மடங்காகத் தெரியும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஆட்டம் என்றதுமே ஸ்டியரிங் பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதை மாற்றப் பெருந்தொகை செலவழிக்கிறார்கள். மாற்றிய பிறகும் ஆட்டம் பாதி அப்படியே இருக்கும். பழுது பாக்ஸில் இராமல் டிராக் லிங்க் முனையிலோ, பாக்ஸைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்டுகளிலோ இருந்திருக்கும். எனவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிட வேண்டும்.

முதல் சோதனை: டயரும் பாரமும்

வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் அலைவதும் எப்போதும் ஸ்டியரிங் கோளாறினால் ஆவதில்லை. முன் டயர்கள் இரண்டிலும் காற்று சமமாக உள்ளதா, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் யு போல்டு தளர்ந்திருந்தாலும், ஸ்பிரிங் புஷ் தேய்ந்திருந்தாலும் அச்சே நகரும். அப்போதும் வண்டி அலையும்.

பாரமும் முக்கியம். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டைகளில் 25 ஏற்றினாலே ஒரு டன் ஆகிவிடுகிறது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் குறித்த அளவுக்கு மேல் ஏற்றினாலும், பாரத்தைப் பின் கதவுப் பக்கமே குவித்தாலும் முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் ஸ்டியரிங் இலேசாகிவிடும். மூட்டைகளைக் கேபினை ஒட்டி முன்னிருந்து அடுக்கிவர வேண்டும்.

இரண்டாவது சோதனை: இருவர் பார்ப்பது

ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். மற்றவர் முன்புறம் குனிந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் வர வேண்டும்.

ஓர் இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால், பழுது அந்த இணைப்பில்தான். வளையத் தண்டு திரும்பியும் பாக்ஸினுள் செல்லும் தண்டு திரும்பவில்லையானால் இடையிலுள்ள இணைப்பு தேய்ந்துள்ளது. பாக்ஸே சட்டத்தின் மேல் நகர்ந்தால் அதன் போல்டுகள் தளர்ந்துள்ளன அல்லது சட்டத்தில் விரிசல் உள்ளது. உள்ளே செல்லும் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் உடனே அசையவில்லையானால் மட்டுமே பாக்ஸின் உட்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்துள்ளதா, நட்டுகளில் ஸ்பிளிட் பின் உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாவது சோதனை: ஜாக்கி ஏற்றிப் பார்ப்பது

வண்டி கெட்டித் தரையில் நிற்க வேண்டும். கை பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். தூக்கியதும் அச்சின் கீழே உறுதியான தாங்கு கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே செல்லக் கூடாது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்ல வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் குறை சக்கரப் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின் புஷ்ஷில். கிங் பின் இல்லாத வண்டியானால் பால் ஜாயிண்ட்டில். பிறகு சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்ட வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இல்லாமல் இப்போது மட்டும் இருந்தால், பெரும்பாலும் டை ராடு முனை தேய்ந்திருக்கும்.

சரிசெய்யும் வரிசை

1. தளர்ந்த போல்டு, நட்டுகளை முதலில் இறுக்க வேண்டும்.

2. பேரிங்கைக் கழுவிப் பார்த்து, நன்றாக இருந்தால் புதுக் கிரீஸ் இட்டுச் சரியான இறுக்கத்தில் பொருத்த வேண்டும். உருளைகளில் குழியோ நீலநிறமோ கண்டால் மாற்றிவிட வேண்டும்.

3. தேய்ந்த பந்து மூட்டைப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய டை ராடு முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொண்டு, புதியதை அதே சுற்று ஏற்ற வேண்டும். அதன் பின்னும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம். இல்லையேல் புது டயரும் சில மாதங்களில் தேய்ந்துவிடும்.

4. இவை எல்லாம் முடிந்தும் ஆட்டம் மிஞ்சினால் மட்டுமே பாக்ஸைத் தொட வேண்டும். முதலில் அதிலுள்ள எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாக்ஸ்களின் மேல்மூடியில் லாக் நட்டுடன் கூடிய ஒரு திருகு உண்டு. முன் சக்கரங்களை நேராக வைத்துக்கொண்டே இதைச் சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்ய வேண்டும். பற்கள் மிக நெருங்கிப் பொருந்துவது அந்த நேர் நிலையில்தான். வளையத்தை ஒரு பக்கமாக ஒடித்து வைத்துத் திருகினால், நேராக வரும்போது பற்கள் கடித்துக்கொள்ளும். திருகிய பின் வளையம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எங்கும் பிடிக்காமல் சுழல வேண்டும். திருப்பம் முடிந்தபின் வளையம் தானே நேராகத் திரும்பாவிட்டால் இறுக்கம் அதிகம் என்று அறிக. இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு செய்வதே நல்லது.

செய்யக் கூடாதவை

தேய்ந்த பந்து மூட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்குவதும், டிராப் ஆர்ம், டை ராடு ஆகியவற்றைச் சூடேற்றி நிமிர்த்துவதும், விரிசலுக்கு வெல்டிங் வைப்பதும் ஆபத்து. இரும்பு அந்த இடத்தில் வலுவிழந்து, ஒரு நாள் பாரத்துடன் செல்லும்போது முறியும். ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி செருகுவதும் கூடாது. மூட்டு நட்டுகளும் போல்டுகளும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும், பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை வேண்டும் என்பதும் அதே 98 ஆம் விதியில் உள்ளவை. பின் துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல் சிறிது மேலும் இறுக்கியே துளைக்கு நேராக்க வேண்டும்.

ஒரே நாளில் ஆட்டம் திடீரென்று கூடினாலும், திருப்பும்போது 'டக்' என்று ஓசை கேட்டாலும், பின் விழுந்துவிட்ட நட்டு ஒன்றைக் கண்டாலும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் கூடாது. மெக்கானிக்கை வண்டி இருக்குமிடத்திற்கு அழைத்து வருவதே சிக்கனம். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்வது எந்த வண்டியிலும் முறையன்று. ஸ்டியரிங் ஆடும் வண்டியில் அது பலருடைய உயிரைப் பணயம் வைப்பதாகும்.

பராமரிப்பு

நம் பகுதி வண்டிகளுக்குச் சேறு பெரும் பகை. வயல் பாதையில் சென்று வந்த பின் முன் அச்சைக் கழுவ வேண்டும். வேகமான நீர்த்தாரையை ரப்பர் உறையின் மேல் நேராகப் பாய்ச்சக் கூடாது. கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளுக்குப் பழைய கிரீஸ் வெளியேறும் வரை புதியது ஏற்ற வேண்டும். கால இடைவெளி வண்டியின் கையேட்டில் இருக்கும். சேற்றில் உழலும் வண்டிக்கு அதைவிட அடிக்கடி செய்தல் நலம்.

எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆனால் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பது போதாது. குறுவை அறுவடைக்கு முன் ஒருமுறை, சம்பா அறுவடைக்கு முன் ஒருமுறை மேற்கூறிய மூன்று சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். இதற்கு இருவர், ஒரு ஜாக்கி, ஒரு மணி நேரம் போதும். மாட்டு வண்டி பூட்டிய காலத்தில் கடையாணியைப் பார்க்காமல் எந்த விவசாயியும் களத்தைவிட்டுப் புறப்பட்டதில்லை. அதே பழக்கத்தை ஸ்பிளிட் பின்னைப் பார்ப்பதிலும் கொண்டால் மூட்டையும் வீடு சேரும், ஓட்டுபவரும் வீடு சேருவார்.