கல்லிலும் ரோஸ்ட் உண்டு

பெங்களூரு ஓட்டல்களில் நெய் ரோஸ்ட், பேப்பர் ரோஸ்ட் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம். இந்தப் பெயர் தவறு என்பவர்கள் உண்டு. ரோஸ்ட் என்றால் இறைச்சியை நெருப்பெதிரிலோ ‘அவன்’ (oven) அடுப்பிலோ வாட்டுவது. கல்லில் சுடுகிற தோசைக்கு அது பொருந்தாது என்பார்கள். சொல்லின் வரலாறு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த வினை இது. அதன் ஜெர்மானிய வேரை, இறைச்சி வாட்டும் கம்பித்தட்டின் பெயரோடு மொழியறிஞர்கள் இணைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கம்பியில் கோத்து நெருப்பெதிரே சுழற்றிய இறைச்சிதான் ரோஸ்ட். அவனில் வெந்தது பேக். மூடிய இரும்பு அடுப்புகள் 19ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகே அவனில் வெந்த இறைச்சிக்கும் ரோஸ்ட் என்ற பெயர் வந்தது. காபிக்கொட்டையை இரும்பு உருளையில் வறுப்பதும் ஆங்கிலத்தில் ரோஸ்ட்தான். கருவி எதுவானாலும் நடக்கிற வேலை ஒன்று: ஈரம் வற்ற வேண்டும், பிறகு சிவக்க வேண்டும்.

இதற்குச் செட் தோசையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதே கல், அதே அரிசி உளுந்து மாவுதான். ஆனால் கனமாக ஊற்றி மூடி போட்டுவிடுவதால் ஆவி உள்ளேயே சுற்றுகிறது. தோசை வெளுப்பாக, பஞ்சுபோல வேகிறது. அதை யாரும் ரோஸ்ட் என்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மாவில் ஈரம் இருக்கும்வரை சூடு அதற்கு மேல் அவ்வளவாக ஏறாது. ஈரம் வற்றிய இடத்தில்தான் 140 டிகிரியைத் தாண்டி, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. லூயி மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த வினை இது. மாவு புளிக்கும்போது புரதமும் மாவுச்சத்தும் ஓரளவு உடைவதால் அதற்கான சரக்கு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. காந்தி பஜாரில் 1943 முதல் இயங்கும் வித்யார்த்தி பவனின் தோசையைப் பிட்டுப் பாருங்கள்: அடிப்பக்கம் செம்பழுப்பாக மொறுமொறுக்கும், உள்ளே மெத்தென்றிருக்கும். அடி ரோஸ்ட் ஆகியிருக்கிறது, உள்ளே வெந்திருக்கிறது.

நெய் விடுவதால் அது பொரியல் வகையில் சேராதா என்று கேட்கலாம். பொரிப்பதில் எண்ணெயே சூட்டைச் சுமக்கிறது. இங்கே சூடு தருவது கல். தோசைக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை நெய் நிரப்புவதால் சிவப்பு சீராகப் படர்கிறது. ஓரத்தில் நெய் குளமாகத் தேங்கினால் அந்த ஓரம் பொரியத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. குழம்பு தளதளக்க வரும் சிக்கன் ரோஸ்ட்டுக்கு மட்டும் இந்தப் பெயரைத் தர எனக்கு மனம் வரவில்லை. மசாலா வற்றிச் சிவக்கும்வரை பிரட்டி இறக்கினால் தாராளமாகத் தரலாம்.