கோடை விடுமுறையில் எந்தப் பயிற்சி? மின் பொறியியல் மாணவர்களுக்கு

செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாளே செல்பேசியில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். எலக்ட்ரிக் வாகனம், பிஎல்சி, சோலார் டிசைன் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம். "சர்டிபிகேட் இருந்தா வேலை ஈஸியா கிடைச்சிடும்" என்று யாராவது சொல்லியும் வைப்பார்கள். ஐயம்பேட்டை போன்ற நெசவாளர் ஊரில் அந்தப் பணம் தறியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு பட்டுச் சேலையை முடிக்கவே பத்து, பதினைந்து நாள் ஆகும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது, அதே பாடம் உங்களுக்கு ஏற்கெனவே இலவசமாக இருக்கிறதா என்பது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில், பொறியியல் மாணவர்களுக்குக் கல்லூரி வழியாகவே திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. அடுத்த செமஸ்டருக்கு உங்கள் துறைக்கு எந்தப் பயிற்சி வருகிறது என்று கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். அங்கே இலவசமாக வரப்போவதை வெளியில் காசு கொடுத்துப் படிப்பானேன்?

அடுத்தது, உங்களுக்கு எது தேவை என்பது. இரண்டாம் ஆண்டு முடித்தவர்களுக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி ஐந்தாம் செமஸ்டரில் பவர் சிஸ்டம் அனாலிசிஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் மூன்றும் சேர்ந்தே வரும். பலர் தடுமாறுவது மின்சாரத்தில் அல்ல, கணக்கில்தான்: மேட்ரிக்ஸ், லாப்லாஸ், சிக்கலெண். விடுமுறையில் இதைச் சரிசெய்தாலே பெரிய விஷயம். ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் சைலாப் மென்பொருளைத் தமிழிலேயே கற்றுக்கொள்ளலாம். மென்பொருளும் இலவசம், பாடமும் இலவசம்.

என்பிடெல் பாடங்களைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதன் சான்றிதழ் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குபவை. மே மாதத்தில் சேர்ந்து ஜூனில் சான்றிதழ் வாங்க முடியாது. ஆனால் பழைய காணொளிகள் எப்போதும் திறந்தே இருக்கும். எனவே விடுமுறையில் பார்த்துப் படித்துவிட்டு, ஜூலைப் பருவத்தில் பதிவு செய்வது நல்ல வழி. படிக்கக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டுமே உண்டு. மதிப்பெண்ணில் 25 வாராந்தரப் பயிற்சிக்கு, 75 தேர்வுக்கு. அதற்குக் கிரெடிட் கிடைக்குமா என்பதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முடித்த பிறகு கேட்டால் பயனில்லை.

சோலார் பக்கம் ஆர்வம் இருப்பவர்கள் 'சூர்யமித்ரா' பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 600 மணி நேரப் பயிற்சி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் 75 நாள் ஆகும். கோடை விடுமுறைக்குள் அடங்காது. ஐடிஐ, டிப்ளமோ முடித்த அண்ணன், தம்பி வீட்டில் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கையால் செய்து பார்க்கும் வேலை ஒன்றாவது இருக்கட்டும். அதற்கு ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பகுதித் தறிகளில் துளையிட்ட அட்டை கோத்த ஜக்கார்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துகொண்டிருக்கிறது. எந்த இழை மேலே எழ வேண்டும் என்று அட்டை சொன்னதை இப்போது கன்ட்ரோலர் சொல்கிறது. மின்காந்தங்கள் அதன்படி இயங்குகின்றன. மைக்ரோகன்ட்ரோலர் பாடத்தில் படிப்பதும் இதைத்தான். தெரிந்தவர் தறியில் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, "அண்ணே, நானும் பாக்கலாமா?" என்று கேட்டு நின்று பாருங்கள். பிறகு ஒரு சிறிய ஆர்டுயினோ பலகையில் நாலு ரிலேயை இயக்கிப் பாருங்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் உள்ளகப் பயிற்சிக்கு முயல்பவர்கள் கல்லூரிக் கடிதத்தைத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விடுமுறை தொடங்கிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

இத்தனைக்கும் பிறகு, கட்டணப் பயிற்சிதான் வேண்டும் என்று தோன்றினால் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பேர், சொல்லிக் கொடுப்பவர் யார், நின்றுவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.