பன்றிக்குக் காய்ச்சலா? காலரா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

ஓசூர்ப் பகுதியில் பன்றி வளர்ப்போருக்குத் தீவனச் செலவைக் குறைத்துக் கொடுப்பது ஓட்டல்களிலும் தொழிற்சாலைக் கேன்டீன்களிலும் மிஞ்சும் சோறுதான். பெங்களூர் அருகில் இருப்பதால் விற்பனைக்கும் கஷ்டமில்லை. இலாபம் தரும் இவ்விரு வழிகளிலேயே நோயும் பட்டிக்குள் நுழைகிறது.

கடுங்காய்ச்சல், தீனி எடுக்காமை, காதும் வயிறும் சிவந்து நீலம் பாரித்தல், சில நாட்களில் சாவு. இவை பன்றிக் காலராவுக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் பொதுவானவை. ஆய்வுக்கூடத்தில்தான் பிரித்தறிய முடியும். இரண்டும் மனிதரைத் தொற்றா. 2009-ல் மனிதரிடையே பரவிய பன்றிக் காய்ச்சல் வேறு.

காலரா வைரஸ் விரைவில் உருமாறும். நம் நாட்டில் முன்பு 1.1 என்ற மரபு வகையே மிகுதி, பின்னர் 2.1, 2.2 வகைகள் பெருகின. ஆயினும் முயலில் வளர்த்து வீரியம் குறைத்த பழைய தடுப்பூசி இவை யாவற்றையும் தடுக்கிறது. ஒரு முயலிலிருந்து சுமார் 50 டோஸ் மட்டுமே கிடைத்ததால் தட்டுப்பாடு இருந்தது. உயிரணு வளர்ப்பு முறையில் தயாரித்த தடுப்பூசியை இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2020-ல் வெளியிட்டது. குட்டிகளுக்கு எப்போது போடுவது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளலாம்.

ஆப்பிரிக்கக் காய்ச்சலின் கதை வேறு. அதன் இரண்டாம் மரபு வகை 2007-ல் ஜார்ஜியாவிலும், 2018-ல் சீனாவிலும், 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றியது. 2022-ல் வயநாட்டுப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. 2023 ஜனவரியில் கர்நாடக எல்லையை ஒட்டிய முதுமலையில் காட்டுப்பன்றிகள் மடிந்தன. இவ்வைரஸ் மெதுவாகவே மாறும். ஆனாலும் முதல், இரண்டாம் வகைகள் கலந்த வைரஸ் சீனாவில் தோன்றியிருப்பது 2023-ல் வெளியாயிற்று. இரண்டாம் வகையிலிருந்து செய்த தடுப்பூசி, சோதனையில் அக்கலப்பைத் தடுக்கவில்லை. நம் பண்ணைகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி இன்னும் வரவில்லை.

காலரா ஊசி போட்டாயிற்றே என்று நிம்மதியாய் இருப்பது தவறு. நோய் கண்டபின் ஒரே ஊசியை எல்லாப் பன்றிகளுக்கும் குத்துவது அதைவிடப் பெரிய தவறு; கிருமியை நாமே பரப்பியவர்களாவோம். நோயுற்றதைச் சந்தைக்கு அனுப்பவும் கூடாது. ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளை அழிக்க நேரும். அக்கம்பக்கத்தாரின் பிழைப்பும் போகும். அரசு அழிக்கும் பன்றிகளுக்கு இழப்பீடு உண்டு.

மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரம் கிளறிக் கொதிக்க வைத்து, ஆறிய பின்பே கொடுக்கவும். அதில் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கக் கூடும். வியாபாரியின் வண்டியைப் பட்டிக்கு வெளியிலேயே நிறுத்தவும். செத்த பன்றியை ஓடையில் எறியாமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பி, அவர் வந்து மாதிரி எடுத்தபின் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்கவும்.