இஞ்சி பிஸ்கட்டும் தள்ளாடிய மாடுகளும்

சுவீடன் நாட்டு மொழியில் இஞ்சிக்கு என்ன பெயர் தெரியுமா? 'இங்கெஃபேரா'. இந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கோ கேட்டது போல் இருக்கிறதல்லவா? நம்முடைய 'இஞ்சி வேர்'தான் அது! தென்னாட்டிலிருந்து புறப்பட்ட அந்தச் சொல் பாலியில் 'சிங்கிவேர' ஆயிற்று. கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆயிற்று. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றுள் நுழைந்தது என்று மொழி ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். வணிகர்களின் மூட்டைக்குள் இஞ்சி போயிற்று. அதன் முதுகில் ஏறிக்கொண்டு பெயரும் போயிற்று!

இஞ்சி விளையாத அந்தக் குளிர் நாட்டில், டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் வீடெங்கும் இஞ்சி மணம்தான். கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக வீட்டுக்கு வீடு இஞ்சி பிஸ்கட் சுடுவார்கள். 'பெப்பர்காக்கோர்' என்று அதற்குப் பெயர். 'மிளகுப் பலகாரம்' என்று பொருள். ஆனால் இன்றைய பெப்பர்காக்கோரில் பெரும்பாலும் மிளகே இருக்காது! அந்த மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் பகல் என்பது ஆறு மணி நேரம்தான். வெளியே இருட்டும் பனியும்; உள்ளே சூடான அடுப்பும் மாவு பிசையும் குழந்தைகளும். டிசம்பர் 13-ஆம் நாள் லூசியா திருநாளன்று, தலையில் மெழுகுவத்தி மகுடம் சூடிய சிறுமி முன்னே வர, எல்லோரும் இந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பாடல் கேட்பார்கள்.

செய்முறை மிகவும் எளிது. 150 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, அரைக்கால் டம்ளர் அளவு கெட்டியான சர்க்கரைப் பாகு, கொஞ்சம் தண்ணீர், சுமார் 450 கிராம் கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. இவற்றோடு பட்டைத் தூளும் சுக்குத் தூளும் இரண்டிரண்டு தேக்கரண்டி. கிராம்பும் ஏலமும் ஒவ்வொரு தேக்கரண்டி. பிசைந்த மாவை உடனே சுடமாட்டார்கள். ஓர் இரவு முழுவதும் குளிரில் வைத்துவிடுவார்கள். மாவிலுள்ள புரதமும் மாப்பொருளும் நீரை நிதானமாக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வெண்ணெய் இறுக வேண்டும். அவசரப்பட்டால் மாவு கட்டையில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மறுநாள் அதை 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தகர அச்சுகளால் இதயம், நட்சத்திரம், பன்றி, ஆட்டுக்கடா, மனிதன் என்று வெட்டி, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் மின் அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். ஐந்தே நிமிடம்! அதற்குள் வெளிறிய மாவுத் துண்டுகள் பழுப்பு நிறப் பலகாரமாகிவிடுகின்றன.

அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

முதலில் வெண்ணெய் உருகி மாவு சற்றே பரவுகிறது. சமையல் சோடா சூட்டில் சிதைந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்தக் குமிழிகளால் பிஸ்கட் இலேசாக உப்புகிறது. இஞ்சியிலும் ஒரு மாற்றம் உண்டு. பச்சை இஞ்சியின் காரத்துக்கு 'ஜிஞ்சரால்' என்னும் பொருள் காரணம். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி 'ஷோகால்' ஆக மாறுகிறது. இது இன்னும் காரமானது. சுக்குக் காப்பி தொண்டையில் சுரீர் என்று இறங்குவது அதனால்தான். ஆனால் ஜிஞ்சராலைச் சூடாக்கினால் 'ஜிஞ்சரோன்' பிறக்கிறது. இதில் காரம் குறைவு, இனிய மணம் அதிகம். சுட்ட பிஸ்கட்டில் இஞ்சி நம்மை மிரட்டாமல் கொஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாவிலுள்ள நீர் ஆவியாகிக் கொண்டிருக்கும் வரை பிஸ்கட்டின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பானையில் தண்ணீர் இருக்கும்வரை பானை தீய்வதில்லை அல்லவா, அதுபோல. மேற்பரப்பு உலர்ந்ததும் சூடு கிடுகிடுவென்று ஏறுகிறது. அப்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கைகோத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான புதிய பொருள்களை உண்டாக்குகின்றன. பழுப்பு நிறமும் வாய் ஊறவைக்கும் மணமும் அவற்றால்தான். 1912-ஆம் ஆண்டில் லூயி கமீய் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்த வினையை முதன்முதலில் விவரித்தார். அவர் பெயராலேயே 'மயார் வினை' என்று இதை அழைக்கிறோம். தோசையின் பொன்முறுவலும், வறுத்த காப்பிக் கொட்டையின் மணமும் இந்த வினையின் குழந்தைகளே.

இந்தப் பழுப்பு நிறத்துக்குப் பின்னால் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உங்களை ஒரு மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மலையைக் குடைந்தபோது

சுவீடனின் தென்மேற்கில் ஹாலாண்ட்சோஸ் என்று ஒரு மலைத்தொடர். அதைக் குடைந்து ரயில் பாதை போடும் வேலை 1992-இல் தொடங்கியது. பாறை இடுக்குகளில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருந்தது. அதை அடைக்க, 'அக்ரிலமைடு' என்னும் ரசாயனம் கலந்த பூச்சுக் கலவையைப் பாறைக்குள் செலுத்தினார்கள். அக்ரிலமைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகிவிட்டால் தீங்கு இல்லை. ஆனால் அங்கே எல்லா மூலக்கூறுகளும் கோத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்தது தண்ணீரில் கரைந்து ஓடையில் கலந்தது.

1997 இலையுதிர் காலம். ஓடைத் தண்ணீரைக் குடித்த மாடுகள் நிற்க முடியாமல் தள்ளாடின, கால்கள் செயலிழந்தன. மீன்கள் செத்து மிதந்தன. சுரங்கத் தொழிலாளர் சிலருக்குக் கை கால் மரத்துப் போயிற்று. அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு; விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துச் செய்த சோதனைகளில் புற்றுநோயும் உண்டாக்கியது. உடனே வேலை நிறுத்தப்பட்டது. (அந்தச் சுரங்கப் பாதையில் ரயில் ஓடியது 2015 டிசம்பரில்தான்!)

எந்தத் தொழிலாளி எவ்வளவு நஞ்சை ஏற்றிருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக விஞ்ஞானிகளிடம் அதற்கு ஓர் அருமையான வழி இருந்தது. உடலில் நுழையும் அக்ரிலமைடு, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே ஒரு சொட்டு இரத்தம், கடந்த நான்கு மாதக் கணக்கை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் போன்றது!

எந்தச் சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்க்க, சம்பந்தமில்லாத சிலர் வேண்டும். சுரங்கத்தின் பக்கமே போகாத ஆட்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அங்கேதான் அதிர்ச்சி காத்திருந்தது. அவர்கள் இரத்தத்திலும் அக்ரிலமைடின் அடையாளம் இருந்தது! தொழிலாளிகளைவிடக் குறைவுதான்; ஆனால் இருந்தது. புகை பிடிப்பவர்களிடம் இருந்தாலாவது புகையிலையைக் குற்றம் சொல்லலாம். பிடிக்காதவர்களிடமும் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது?

ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களின் முடிவை 'ஏதோ பிழை' என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்த விஞ்ஞானிகள் ஒதுக்கவில்லை. காட்டு விலங்குகளின் இரத்தத்தில் இந்த அடையாளம் மிகக் குறைவு என்பது அவர்களுக்கு ஒரு துப்பாக அமைந்தது. மனிதன் செய்து, காட்டு விலங்கு செய்யாத வேலை என்ன? சமையல்! எலிகளுக்கு வறுத்த தீனியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் இரத்தத்தில் அடையாளம் ஏறியது. இந்த முடிவு 2000-இல் வெளியாயிற்று. 2002 ஏப்ரலில், நாட்டின் உணவுத் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து உலகுக்கு அறிவித்தன: உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி, பிஸ்கட் போன்ற, அதிகச் சூட்டில் சமைத்த உணவுகளில் அக்ரிலமைடு இருக்கிறது. யாரும் கலக்கவில்லை, அடுப்பிலேயே தானாக உண்டாகிறது.

அதே ஆண்டிலேயே அது உண்டாகும் வழியும் தெரிந்துவிட்டது. கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும் 'ஆஸ்பராஜின்' என்னும் அமினோ அமிலம் உண்டு. 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகளுடன் சேர்ந்தால், பக்க விளைபொருளாக அக்ரிலமைடு பிறக்கிறது. ஆம், அதே மயார் வினைதான்! பிஸ்கட்டுக்கு நிறமும் மணமும் கொடுக்கும் கையே இதையும் கொடுக்கிறது.

திரும்பவும் அடுப்பங்கரைக்கு

இப்போது நம் இஞ்சி பிஸ்கட்டைப் பாருங்கள். கோதுமை மாவு இருக்கிறது. பாகு இருக்கிறது, ஜெர்மனியில் என்றால் தேன். பாகிலும் தேனிலும் குளுக்கோசும் ஃபிரக்டோசும் தாராளம். மெல்லிதாகத் தேய்த்து, உலர உலரச் சுடுகிறோம். அக்ரிலமைடு உண்டாக இதைவிட வசதியான இடம் வேண்டுமா? அதனால் பிஸ்கட் வகைகளில் இது சற்று உயர்ந்த இடத்தில்தான் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் வகுத்த விதிகளில் சாதாரண பிஸ்கட்டுக்குக் கிலோவுக்கு 350 மைக்ரோகிராம் என்றும், இஞ்சி பிஸ்கட்டு வகைக்கு 800 மைக்ரோகிராம் என்றும் அளவுகோல் வைத்திருக்கிறது. இதற்கு மேல் போனால் தயாரிப்பவர் தம் செய்முறையைத் திருத்த வேண்டும்.

800 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? நீங்களே கணக்குப் போடுங்கள். 10 கிராம் எடையுள்ள ஒரு பிஸ்கட்டில் 8 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் எட்டுப் பங்கு. பண்டிகைக்கு நாலு பிஸ்கட் தின்றவர் நடுங்க வேண்டியதில்லை. மனிதர் உண்ணும் சிறு அளவுகளால் புற்றுநோய் வருகிறதா என்று நடந்த ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் குறைக்க முடிந்ததைக் குறைக்காமல் விடுவது அறிவுடைமையா? குறைக்க வழி இருக்கிறது என்பதுதான் இதில் மகிழ்ச்சியான செய்தி. அதுவும் வீட்டிலேயே!

2004-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகர ஆய்வாளர்கள் இந்த பிஸ்கட்டையே எடுத்துக்கொண்டு சோதித்தனர். வட ஐரோப்பாவில் பழைய காலத்திலிருந்து மாவை உப்பவைக்க 'மான்கொம்பு உப்பு' பயன்பட்டு வந்தது. முன்பு நிஜமாகவே மான் கொம்பை வாட்டி வடித்து எடுத்தார்கள். பிற்காலத்தில் இது தொழிற்சாலையில் செய்த அம்மோனியம் பைகார்பனேட். சூட்டில் இது அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என முழுக்க முழுக்க வாயுவாகிப் பறந்துவிடும். பிஸ்கட் மொறுமொறுவென்று வரும். மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடுப்பைத் திறக்கும்போது மட்டும். ஆனால் இந்த உப்பு அக்ரிலமைடு உண்டாவதை வெகுவாகத் தூண்டிவிடுகிறது என்று தெரிய வந்தது. அதை எடுத்துவிட்டுச் சாதாரணச் சமையல் சோடாவைப் போட்டதும், அக்ரிலமைடு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது! பாகுக்கும் தேனுக்கும் பதிலாக வெள்ளைச் சர்க்கரையைக் கூட்டினாலும், கொஞ்சம் புளிப்பு அமிலம் சேர்த்தாலும் குறைகிறது. சுடும் நேரம் கூடக் கூட நிறமும் ஏறுகிறது, அக்ரிலமைடும் ஏறுகிறது. இரண்டும் சோடி போட்டுக்கொண்டு நடக்கின்றன என்பதையும் அவர்கள் கண்டனர்.

இதனால் உங்கள் கண்ணே ஒரு சோதனைக் கருவியாகிவிடுகிறது. தேன் நிறம் வந்ததும் தட்டை வெளியே எடுங்கள். காப்பி நிறத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 'இன்னும் மெத்தென்று இருக்கிறதே, வேகவில்லையோ?' என்று சந்தேகம் வரும். இந்தச் சந்தேகத்தால் தீய்ந்த பிஸ்கட்டுகள் ஏராளம்! சூட்டில் உருகிய சர்க்கரை இளகிக் கிடக்கிறது; அதனால்தான் மெத்தென்று இருக்கிறது. ஆறும்போது அது கண்ணாடி போல இறுகி, பிஸ்கட் தானாகவே மொறுமொறுப்பாகும். ஆறியதும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டால் மறுபடி நமத்துவிடும்.

அலங்காரம் செய்யாவிட்டால் அது பண்டிகை பிஸ்கட்டே அல்ல. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவோடு சுமார் 180 கிராம் பொடித்த சர்க்கரையும் சில துளி வினிகரும் சேர்த்து, வெள்ளை வெளேரென்று குழையும்வரை அடிக்கிறார்கள். எண்ணெய்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஊசித்துளை விட்டு, மருதாணிக் கூம்பு போலப் பிழிந்து கோலம் போடுகிறார்கள். நீர் உலர உலரச் சர்க்கரை மிக நுண்ணிய படிகங்களாகிறது. வெள்ளைக்கருவின் புரதம் அவற்றைப் பசை போல் பிணைக்கிறது. ஒரு மணி நேரத்தில் கோலம் கல்லாகிவிடும். இதற்குச் சூடு தேவையில்லை என்பதால் நிறம் வெள்ளையாகவே நிற்கிறது. வெள்ளைக்கரு பச்சையாக இருப்பதால், கிருமி நீக்கிய முட்டைப் பொடியை வாங்கிப் பயன்படுத்துவோரும் உண்டு.

சிலர் இதோடு விடுவதில்லை. தகடு தகடாகச் சுட்டு, உருகிய சர்க்கரையால் ஒட்டி, கூரையும் புகைபோக்கியுமாக வீடே கட்டிவிடுவார்கள். ஸ்டாக்ஹோமிலுள்ள கட்டடக் கலை அருங்காட்சியகம் 1990 முதல் இந்த வீடுகளுக்கென்றே போட்டி நடத்தி வந்திருக்கிறது. உருகிய சர்க்கரை கொதிநீரைவிடப் பன்மடங்கு பொல்லாதது. விரலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. அந்த வேலைக்கு மட்டும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

சுவீடன் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டும் உண்டு. பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து, மனத்தில் ஓர் ஆசையை நினைத்துக்கொண்டு, மறு கையின் விரல் முட்டியால் நடுவில் அழுத்த வேண்டும். சரியாக மூன்று துண்டாக உடைந்தால் ஆசை நிறைவேறுமாம்! ஆசையின் கதை நமக்குத் தெரியாது. உடையாமல் வளைந்து கொடுத்தால் மட்டும், டப்பாவை யாரோ திறந்து போட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.